பலத்துக்குப் பத்துக் கொட்டை

குருபோங்கில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் மகள் கணினி விளையாட்டு ஒன்றுக்கு மந்திர உலகத்து வீரர்களை உருவாக்கிக்கொண்டிருந்தாள். ஆளுக்குப் பத்துப் புள்ளிதானாம். அதைப் பலம், வேகம், அறிவு என்று பிரிக்க வேண்டுமாம்.

சின்ன வயதில் எங்களுக்கு அந்தப் புள்ளி ரப்பர் கொட்டை. ரப்பர் தோட்டத்து லயத்து வீடுகளின் பின்னால், உறைந்த ஒட்டுப்பால் நாற்றத்தில், நானும் பக்கத்து வீட்டு ஸ்டெல்லாவும் மூன்று சிரட்டை வைத்து ஆளுக்குப் பத்துக் கொட்டையைப் பிரிப்போம். பத்தையும் நான் பலத்தில் போடுவேன், அவள் அறிவில் போடுவாள். அப்பா பால்வாளியைக் கழுவிக்கொண்டே எங்கள் விளையாட்டுக்குப் பேயாக உறுமுவார்.

"அறிவ வச்சிப் பேய அடிப்பியா?"

"ஒன் ஆளு குகைக்கு வழி தெரியாம நிப்பான்லா, மடையா!"

அப்பா இறந்ததும் வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். அது வேலையாட்களுக்கான வீடு. லாரியில் சாமான் ஏறும்போது ஸ்டெல்லா ஓடிவந்து, தன் பத்துக் கொட்டைகளையும் என் சட்டைப் பையில் திணித்தாள்.

"நீதானே வெளிய போற. பலத்துல போட்டுக்க."

பள்ளிக்கூடம் அத்தோடு நின்றது. பிறகு எத்தனையோ ஊர்களில் எத்தனையோ வேலை.

"ஒருத்தர் புள்ளிய இன்னொருத்தருக்குக் குடுக்கலாமாம்மா?" என்றேன்.

"குடுத்தா அவங்க ஸீரோலா, மாமா. அப்புறம் எப்படி விளையாடுவாங்க?"

அதை நான் திரும்பிப் போய் ஸ்டெல்லாவிடம் கேட்கவே இல்லை.