அரை அங்குலம்

என் அப்பாவின் அச்சகத்தை நான் பதினான்கு மாதங்கள் நடத்தினேன். பட்டாசுப் பெட்டிகளைச் சுற்றி ஒட்டும் லேபிள்களை அச்சடிக்கும் இடம் அது. நாரணாபுரம் சாலையில் ஓர் ஆப்செட் இயந்திரம், ஒரு வெட்டும் இயந்திரம், ஆறு பேர். காலையில் விருதுநகர்க் கல்லூரியில் இலக்கியம் படித்தேன். பிற்பகல் பேருந்தில் திரும்பினால் அச்சகம். மின்தடை எந்தக் கிழமை என்று முன்கூட்டியே விசாரித்து வேலையை மாற்றி வைப்பது, ஐப்பசி ஈரம் ஏறாதபடி காகிதக் கட்டுகளைத் தரையிலிருந்து உயர்த்தி அடுக்குவது, தீயணைப்புக் கருவியின் கெடு முடியும் முன்பே மாற்றுவது, மிஷின்மேன் வராத நாளில் யாரை அழைப்பது என்று தெரிந்துவைத்திருப்பது. இவற்றில் எதையும் நான் விருப்பத்தால் கற்கவில்லை. ஒரு மனிதரைப் பழிவாங்குவதற்காகக் கற்றேன்.

அவர் தாயில்பட்டிப் பக்கம் பட்டாசு ஆலை வைத்திருப்பவர். அப்பாவின் நெடுநாள் வாடிக்கையாளர். எங்கள் தொழிலில் அச்சாகிவரும் முதல் தாளை வாடிக்கையாளர் இயந்திரத்தருகே நின்று பார்ப்பார். 'ஓட்டு' என்ற ஒரு சொல் போதும். கையெழுத்துக் கேட்பது அவமதிப்பு. அந்த ஆண்டு அவர் நேரில் வரவில்லை. முதல் தாளைப் படமெடுத்து அனுப்பச் சொன்னார். அப்பா அனுப்பினார். அவர் போனில் பார்த்துவிட்டு, ஓட்டச் சொன்னார்.

லோடு போய் இரண்டாம் நாள், அதே கட்டுகள் அவருடைய வேனில் திரும்பி வந்தன. எங்கள் முற்றத்தில் அவற்றைத் தள்ளச் சொல்லிவிட்டு, அப்பாவைப் பார்த்துக் கத்தினார்.

"செவப்பு கேட்டா செங்கல் கலர்ல அடிச்சு வச்சிருக்க?"

"படம் அனுப்புனேன் அண்ணாச்சி. நீங்கதான ஓட்டச் சொன்னீக."

"அம்புட்டுச் சின்ன போன்ல நான் என்னத்தக் கண்டேன்? பாக்க வேண்டியது அடிக்கிறவன் பொறுப்பு, லே. கண்ணு தெரியலைன்னா மிஷின வித்துட்டு வீட்டுல உக்காரு."

இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. சின்னப் பையனை அதட்டுவது போன்ற அந்த 'லே' ஆறு தொழிலாளர்களின் முன்னால் விழுந்தது. கட்டு கட்டும் பெண்கள் இருவரும் அப்பாவின் முகத்தைப் பார்க்காமலிருக்கத் தலையைக் குனிந்துகொண்டார்கள். மறுநாள் அப்பா அச்சகச் சாவியை என் புத்தகத்தின் மேல் வைத்தார். அதன்பின் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளியிருக்கும் அச்சகத்துக்கு அவர் ஒருமுறைகூட வரவில்லை.

நான் அதிகம் பேசுகிறவள் அல்ல, மனத்துக்குள் ஒன்றை முடிவு செய்தேன். அந்த மனிதர் அதே முற்றத்தில், அதே ஆறு பேர் முன்னால், பதிலின்றி நிற்க வேண்டும். அதை அப்பா பார்க்க வேண்டும். பார்த்தால் அவர் அச்சகத்துக்குத் திரும்பிவிடுவார் என்று உறுதியாக நம்பினேன்.

முதலில் ஒரு விதி செய்தேன்: முதல் தாளில் கையெழுத்து விழாமல் இயந்திரம் ஓடாது. "ஏம்மா, இது லேபிளா, இல்ல நெலம் கிரயம் பண்ணுறீகளா?" என்று ஒருவர் கேட்டார். "பாப்பா இன்னும் பரீட்சை ஹாலுலதான் இருக்கு" என்றார் மிஷின்மேன். நான் பேனாவை நீட்டிக்கொண்டே நின்றேன். எல்லோரும் கையெழுத்திட்டார்கள். நான் காத்திருந்தது வேறு கையெழுத்துக்கு.

மறு ஆண்டு ஆவணியில் அது வந்தது. பெரிய அச்சகங்கள் சீசன் ஆர்டரில் மூச்சுத் திணறிக்கொண்டிருந்ததால் அவர் எங்களிடம் வந்தார். "போன வருச டிசைன்தான் பாப்பா. அப்படியே ஓட்டு."

அவருக்குப் பெட்டி வெட்டித் தருவது எங்கள் பக்கத்துப் பட்டறை. வெட்டிய அட்டைகள் எங்கள் பொதுச்சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. அந்த ஆண்டு பெட்டியின் சுற்றளவை அரை அங்குலம் குறைத்திருந்தார். முந்தின நாளே அளந்திருந்தேன். அளப்பது எனக்குப் பழக்கம். முதல் தாளை மேசையில் விரித்தேன்.

"எல்லாம் சரியா இருக்கான்னு பாத்துட்டுப் போடுங்க அண்ணாச்சி."

"நான் பாக்காத லேபிளா?" என்று சிரித்தபடி, பாராமலே கையெழுத்திட்டார். என் கையில் ஸ்கேல் இருந்தது. அதை மேசை இழுப்பறைக்குள் வைத்து மூடினேன்.

ஒன்பதாம் நாள் வேன் திரும்பி வந்தது. அதன் சத்தம் கேட்டதும் போன் செய்து அப்பாவை அழைத்தேன். என்ன ஏது என்று கேளாமல் வந்து வாசலில் நின்றார்.

"அரை இஞ்சு கூடுதலா இருக்கு பாப்பா. சுத்தி ஒட்டுனா கம்பெனிப் பேரு மறைஞ்சு போகுது. கூடுதலா இருக்கிறத வெட்டுனாலும் பேரு போயிருது."

கையெழுத்திட்ட தாளை அவர்முன் பிடித்தேன். அதைப் பார்த்தார், பிறகு சுவரோரம் இருந்த அட்டைகளைப் பார்த்தார். "பக்கத்துலதான வெட்டுறாக. ஒனக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? சொல்லியிருக்கலாம்ல?"

"பாக்க வேண்டியது கையெழுத்துப் போட்டவங்க பொறுப்பு அண்ணாச்சி. கண்ணு தெரியலைன்னா ஆலைய வித்துட்டு வீட்டுல உக்காருங்க."

மரியாதை விகுதியை விடாமல் சொன்னேன். பதினான்கு மாதங்களாக அதை அப்படித்தான் மனத்துக்குள் ஒத்திகை பார்த்திருந்தேன். மிஷின்மேன் சிரிப்பை இருமலாக்கினார். அந்த மனிதர் தம் கையெழுத்தையே குனிந்து பார்த்தார். நான் கற்பனை செய்ததைவிட அது இனிமையாகவே இருந்தது.

"நீ பாத்தியாம்மா?" என்றார் அப்பா.

"பாத்தேன்ப்பா."

"எப்ப?"

"அவர் கையெழுத்துப் போடுறதுக்கு முந்தி."

அப்பா என்னிடமிருந்து பார்வையை எடுத்தார். "அங்கன லேபிள் ஒட்டுற பொம்பளைக எத்தன நாளா சும்மா உக்காந்திருக்காக?" என்று அவரிடம் கேட்டார்.

"மூணு நாளாச்சு."

"புது அளவுல பிளேட் போட்டு மறுபடி அடிக்கணும்" என்று மிஷின்மேனிடம் சொல்லிவிட்டு வேட்டியை மடித்துக் கட்டினார். வந்தவருக்கு நாற்காலி போடச் சொல்லவில்லை. என் பக்கம் கையை மட்டும் நீட்டினார். "சாவியக் குடும்மா."

அப்பா அச்சகத்துக்குத் திரும்பிவிட்டார். நான் வருந்தவில்லை, அந்தத் தாள் இன்றும் என் புத்தக அலமாரியில் இருக்கிறது. கையெழுத்து விதியை அவரும் கைவிடவில்லை. ஆனால் வாடிக்கையாளர் கையெழுத்திட்டுப் போனபின், ஒவ்வொரு முதல் தாளையும் அவரே மீண்டும் அளக்கிறார். விடுமுறை நாட்களில் நான் அருகில் நின்றால் தாளின் ஒரு முனையைப் பிடிக்கச் சொல்வார். ஸ்கேலை என் கையில் கொடுப்பதில்லை.