தூதனுக்கு யார் வைத்தியம் பார்த்தது?

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர் தியேட்டர் வாசலில் என்னைப் பார்த்திருந்தால் பயந்திருப்பீர்கள். முகம் சிவந்து, வாய் திறந்து, வார்த்தை வராமல் நின்றேன். பாதி கோபம். மீதி பிறவியிலேயே வந்தது.

இந்தப் பத்தியில் நான் மளமளவென்று பேசுவதைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். எனக்குத் திக்குவாய். நான் ஆரம்பிக்கிற வாக்கியத்தை முடித்துவைக்க ஊரே போட்டி போடும். உதவியாம்! ஒருமுறை திருமுக்கூடல் போக ஆட்டோவை நிறுத்தினேன். “திரு...” என்றதுமே, “திருப்புட்குழிதானே, ஏறுங்க” என்றார் டிரைவர். எதிர்த்திசையில் பாலுச்செட்டிசத்திரம் வரை போன பிறகுதான் மீதியைச் சொல்ல முடிந்தது.

பள்ளி நாட்களில், டிவியில் தமிழ் பேசிய ஒரு ஜப்பான் அனிமே பார்ப்பேன். பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் ஞாயிற்றுக்கிழமை நான் பார்த்த படத்துக்கு ஓசி விளம்பரம். அதன் நாயகன் ஒரு தூதன். எழுத்தே இல்லாத நாட்டில் ராஜாக்களின் செய்தியை வாயால் கொண்டுபோவது அவன் வேலை. அவனுக்கும் திக்குவாய்!

யாராவது குறுக்கே புகுந்தால் கையை உயர்த்திச் சொல்வான்: “இருங்க, நான் இன்னும் முடிக்கல.” கடைசி எபிசோடில் இரண்டு படைகள் எதிரெதிரே நிற்கும். ‘போர் வேண்டாம்’ என்பதைச் சொல்ல அவனுக்கு ஒரு முழு நிமிடம் ஆகும். ஒரு சிப்பாய்கூட இருமமாட்டான். டிவி முன்னால் உட்கார்ந்து அழுதேன். எனக்காகவும் உலகம் ஒரு நிமிடம் காத்திருக்கும் என்று அன்றைக்குத்தான் நம்பினேன்.

அதை இப்போது நிஜ மனிதர்களை நடிக்கவைத்து லைவ் ஆக்‌ஷன் படமாக எடுத்திருக்கிறார்கள். நெசவுதான் எங்கள் தொழில்; மூன்று மாதமாகத் தறியில் இதே பேச்சு. கரையைத் தனி நூலில் நெய்து உடலோடு கோக்கும் கோர்வைச் சேலைக்கு இரண்டு பேர் வேண்டும். நான் நடுவில் சேலையின் உடலை நெய்ய, மனைவி வசந்தி பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கு நூல் ஓட்டும் நாடாவை வீசுவாள். என் கைவேலை முடியும்வரை அங்கே பொறுமையாகக் காத்திருப்பாள். பேச்சில் மட்டும் காத்திருக்கமாட்டாள். இந்தப் படத்தைப் பார்த்தால் அவளுக்கும் புரியும் என்றுதான் கூட்டிப்போனேன்.

பார்த்தால்... தூதன் சரளமாகப் பேசுகிறான்! மூச்சு விடாமல் பஞ்ச் டயலாக். கடைசிக் காட்சியில் சட்டையைக் கழற்றி, ஸ்லோமோஷனில் பறந்து, இரண்டு படைகளையும் உதைக்கிறான். அந்த ஒரு நிமிடம் எங்கே? ரசிகனுக்கு போர் அடிக்குமாம். அடப்பாவிகளா! நாக்கைச் சரிசெய்துவிட்டு ஆளைக் கொன்றிருக்கிறார்கள்.

வெளியே வந்தால், யூடியூபுக்காக ஒருவர் மைக்கை நீட்டுகிறார். “அண்ணா, படம் எப்டி இருக்குது? ஒரே வார்த்தைல சொல்லுங்க!”

ஒரு வார்த்தையா? எனக்கு ஓர் எழுத்துக்கே அவ்வளவு நேரம் ஆகும்.

“இந்தப் ப... ப... ப...”

“படம் வேற லெவல்! செம ணா, தேங்க்ஸ்!” மைக் அடுத்த ஆளிடம் போய்விட்டது.

எனக்குக் கண் இருட்டியது. வாழ்நாளெல்லாம் என் வாயில் அடுத்தவர் வார்த்தை. இன்றைக்கு இந்தப் படத்துக்குப் பாராட்டுமா? திரும்பிப் போய் மைக்கைப் பிடித்தேன். மறுபடியும் ‘ப’விலேயே நின்றேன். அவர் வாயைத் திறந்தார்.

வசந்தி குறுக்கே வந்தாள்.

“கொஞ்சம் இருப்பா. பேசிக்கினு இருக்காரு இல்ல? இன்னும் முடிக்கல அவரு.”

அவர் நின்றார். பின்னால் வந்த கூட்டமும் நின்றது. ஒரு நிமிடம் ஆகியிருக்கும். “படத்துல தூதனே இல்ல” என்று சொல்லி முடித்தேன். அதுவரை வசந்தி ஒரு எழுத்துகூட எடுத்துக்கொடுக்கவில்லை.

மறுநாள் வீடியோ வந்தது. அந்த நிமிடத்தை வெட்டிவிட்டார்கள். நான் “ப... ப...” என்கிறேன். “வேற லெவல்” என்று குரல் வருகிறது. அவ்வளவுதான்.

அதனால்தான் இங்கே வந்து எழுதுகிறேன். இருங்க, நான் இன்னும் முடிக்கல.