பின்சீட்டில் இடமில்லாத வண்டி

மருத்துவமனையின் அறுவை சிகிச்சை அரங்கில் பயன்படுத்திய கத்திகளையும் கவ்விகளையும் கழுவி, ஆவியில் சுத்தம் செய்து, எண்ணித் தட்டில் அடுக்குவது அவள் வேலை. சிகிச்சை முடிந்து எண்ணும்போது ஒரு கவ்வி குறைந்தாலும் யாரையும் வெளியே விடமாட்டாள். பெரிய டாக்டரே ஆனாலும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். அதனால் அங்கே அவளுக்கு எண்ணிக்கை அக்கா என்று பெயர். வீட்டில் அவளுக்குப் பெயர் கிடையாது. கணவர் 'இந்தா' என்பார். அவள் திரும்பிப் பார்ப்பாள்.

கணவரை ஊரே மாஸ்டர் என்றது. டிரைவிங் ஸ்கூல் வைத்திருந்தார். பள்ளி வண்டியில் அவர் உட்காரும் பக்கத்திலும் தனியாக ஒரு பிரேக் உண்டு. கற்றுக்கொள்கிறவன் தப்பு செய்வதற்கு முன்பே அவர் கால் அதை அழுத்திவிடும். செய்யாத தப்புக்கும் அழுத்தும். அப்புறம் பாராட்டாக ஒன்று சொல்வார், குறையாக மூன்று சொல்வார். ஊரில் வண்டி ஓட்டுகிறவர்களில் பாதிப் பேர் அந்த மூன்றையும் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள்தான்.

"ஊருக்கே ஓட்டக் கத்துக் கொடுத்தேன். வீட்டுக்காரிக்கு மட்டும் கால் வரலை" என்பது அவருடைய நிரந்தர நகைச்சுவை. விருந்தாளிகள் வந்தால் காபிக்கு முன்னால் அது வரும். கல்யாணமான புதிதில் ஒருநாள் அவளை ஓட்டச் சொல்லிப் பார்த்தார். பாதித் தெரு போவதற்குள் மூன்று முறை பிரேக்கை மிதித்தார். வண்டி அணைந்து அணைந்து நின்றது. அதுதான் கால் வராத கதை.

அவளுக்குக் காலை வேலை. பேருந்து ஓடத் தொடங்குவதற்கு முன்பே போய்ச் சேர வேண்டும். மாஸ்டர்தான் கொண்டுபோய் விடுவார், ஆனால் தன் முதல் மாணவனுக்குத் தோதான நேரத்தில். வேலை தொடங்க இன்னும் ஒரு மணி நேரம் இருக்கும்போது அவளை இறக்கிவிட்டுப் போய்விடுவார். உடைமாற்றும் அறையில் ஓர் இரும்பு பெஞ்ச் உண்டு. வருஷக் கணக்காக அவள் உட்கார்ந்து உட்கார்ந்து அந்த இடத்தில் மட்டும் பெயின்ட் தேய்ந்துபோயிருந்தது.

பெஞ்சுக்கு எதிரே ஜன்னல். அதன் வழியாகத்தான் அந்த வண்டியைப் பார்த்தாள். மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரம்மாவுடையது. சின்னது, இரண்டே கதவு, கறுஞ்சிவப்பு. நின்றுகொண்டிருக்கும்போதும் பாயப்போகிற பூனை மாதிரி இருக்கும். டாக்டரம்மா வாசலில் திரும்பும் விதமே வேறு. வேகத்தைக் குறைத்து, வளைத்து, கோட்டுக்குள் ஒரே மூச்சில் நிறுத்திவிட்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் இறங்கிப் போவாள். எண்ணிக்கை அக்கா பொறாமையே படாத பிறவி. அப்படி இறங்கிப் போவதைப் பார்த்துத்தான் முதல்முறையாகப் பட்டாள்.

ஊரின் மறுகோடியில் இன்னொரு டிரைவிங் ஸ்கூல் இருந்தது. அங்கே போய்ச் சேர்ந்தாள். கற்றுக்கொடுத்த பெண், "அக்கா, உங்க கால் தராசு மாதிரி நிதானமா இருக்கு. யாரு உங்களுக்கு வராதுன்னு சொன்னது?" என்றாள். யார் சொன்னது என்று அவள் சொல்லவில்லை. முதல் தேர்விலேயே உரிமம் கிடைத்துவிட்டது. தேர்வு நடத்திய அதிகாரி மாஸ்டரின் கூட்டாளி. செய்தி அவளுக்கு முன்பே வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது.

ஒரு வாரம் மாஸ்டர் வாயே திறக்கவில்லை. திறந்தபோது, "வண்டி வாங்குறதுன்னா நான் பார்க்காம வாங்கக் கூடாது" என்றார்.

"வண்டி பார்த்து வச்சிருக்கேன்" என்று அவள் டாக்டரம்மா வண்டியின் பெயரைச் சொன்னாள்.

வெளியூரில் இருக்கும் மகள் போனில் சிரித்தாள். "அம்மா, அது காலேஜ் பசங்க வண்டிம்மா. அப்பாவை எங்க உட்கார வைப்பே?"

"அவருக்குத்தான் தனி வண்டி இருக்கே" என்றாள்.

கடையில் விற்பனையாளர் மாஸ்டரைப் பார்த்ததும் எழுந்து நின்றார். தலை வழுக்கை, வயிறு முன்னுக்கு வந்த மனிதர். "மாஸ்டர், என்னை ஞாபகம் இருக்கா? ரிவர்ஸ்ல சுவத்தை இடிச்சேனே" என்றார்.

"எந்தச் சுவரு? நிறையப் பேரு இடிச்சிருக்கீங்க."

பிறகு மாஸ்டர் வண்டியைச் சுற்றி வந்தார். காட்சிக்கு வைத்த வண்டியையே ஓட்டிப் பார்க்கக் கொடுப்பார்கள். முதலில் அவர் ஒரு சுற்று ஓட்டினார். அவள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அவர் பாராட்டு ஒன்றோடு நிற்கவில்லை. வண்டி அவரையும் மயக்கியிருந்தது.

"இழுப்பு இருக்கு. மிதிச்சா முதுகைப் பிடிச்சுத் தள்ளுது. திருப்பத்துல ரோட்டைக் கவ்விக்கிட்டுப் போகுது. கையில ஸ்டீயரிங் இருக்கா ரோடே இருக்கான்னு தெரியலை. சந்து பொந்துல நுழையும். இதைப் பாரு, கை பிரேக்கு. இப்ப எல்லாப் பயலும் பட்டனை வைக்கிறான். இவன் நிஜமான நெம்புகோல் வச்சிருக்கான். இழுத்தா பேசும்."

"அப்போ நல்ல வண்டிதானே?"

"இரு. குறை சொல்லணும்ல? ஸ்பிரிங் கல்லு. ரோட்டுல கிடக்கிற கூழாங்கல்லு குப்புறப் படுத்திருக்கா மல்லாந்து படுத்திருக்கான்னு இடுப்பு சொல்லிடும். டயர் அகலம், உள்ள இரைச்சல். பெட்ரோலைத் தண்ணியா குடிக்கும். பின்னாடி கண்ணாடி சின்னது, வர்றவன் தெரிய மாட்டான். டிக்கியில ஒரு பெட்டி வச்சா ரெண்டாவது பெட்டி வீட்டுல இருக்கணும். பின்சீட்டு மனுஷனுக்கு இல்லை. எல்லாத்துக்கும் மேல ஒண்ணு: இது ஓட்டத் தெரிஞ்சவன் கையில இருக்க வேண்டிய வண்டி."

விற்பனையாளர் பின்சீட்டில் முழங்காலுக்குள் முகத்தை வைத்துக்கொண்டு, "மாஸ்டர் சொன்னா சரிதான்" என்றார்.

"இப்ப நான் ஓட்டுறேன்" என்றாள் அவள்.

இடம் மாறினார்கள். அவள் கிளட்சை விட்டாள். வண்டி குலுங்காமல் நகர்ந்தது. பெரிய சாலையில் ஏறி, டாக்டரம்மா செய்வது போலவே வேகத்தைக் குறைத்து முதல் திருப்பத்தை வளைத்தாள். வண்டி அவள் நினைத்த இடத்துக்கு அவள் நினைப்பதற்கு முன்பே போயிருந்தது. ஐம்பது வயதில் உடம்புக்குள் இப்படி ஒரு சிரிப்பு இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது.

பக்கத்தில் டக், டக் என்று சத்தம். மாஸ்டரின் வலது கால் தரைவிரிப்பை மிதித்துக்கொண்டிருந்தது. அங்கே பிரேக் இல்லை என்பது அவருக்குத் தெரியும். காலுக்குத் தெரியாது.

"மெதுவா."

"மெதுவாத்தான் போறேங்க."

"கண்ணாடியைப் பாரு. பார்த்தியா? பார்க்கலை."

"பார்த்தாச்சு."

பாலம் இறங்கும் வளைவில் ஒருவர் சைக்கிளில் போனார். அவள் தூரத்திலேயே பார்த்துவிட்டாள். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து, ஒதுங்கத் தொடங்கியிருந்தாள். மாஸ்டர் மிதித்தார். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி மிதித்தார். பிறகு அவர் கை தானாகவே போய், இழுத்தால் பேசும் அந்தக் கை பிரேக் நெம்புகோலைப் பிடித்து மேலே இழுத்தது.

வண்டியின் பின்பக்கம் வழுக்கிச் சுற்றியது. பின்சக்கரம் சாலையோரக் கல்லில் மோதி நின்றது. சைக்கிள்காரர் இதெல்லாம் தெரியாமல் போய்க்கொண்டே இருந்தார். யாருக்கும் அடி இல்லை. சக்கரத்தின் விளிம்பும் அதற்கு மேலே பம்பர் மூலையும் மட்டும் உரிந்திருந்தன.

 மாஸ்டர்தான் முதலில் பேசினார். "நான் மட்டும் பிடிக்கலைன்னா?"

அவள் கண்ணாடியில் விற்பனையாளரைப் பார்த்தாள். அவர் இரண்டு இருக்கைகளுக்கும் நடுவே, கை பிரேக்குக்கு நேர் மேலே தலையை வைத்துக்கொண்டிருந்தார். அவர் பார்க்காமல் இருக்க வழியே இல்லை.

கடைக்குத் திரும்பியதும் மேலாளர் வந்தார். குனிந்து உரிந்த இடத்தைத் தடவினார். "யார் ஓட்டினது?"

"இவதான்" என்றார் மாஸ்டர். "பதறிட்டா. புதுசுல்ல?"

மேலாளர் விற்பனையாளரைப் பார்த்தார். அவர் தரையைப் பார்த்தார். "ஆமாங்க. அம்மா கொஞ்சம் பதறிட்டாங்க. மாஸ்டர் இருந்ததால தப்பிச்சோம்."

அவள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அரங்கில் ஒரு கவ்வி காணாமல் போனால் கதவை அடைக்க அவளுக்கு அதிகாரம் உண்டு. இங்கே கதவு கண்ணாடிக் கதவு. யாரும் கிட்டே போனாலே தானாகத் திறந்துகொள்ளும்.

"சின்னக் கீறல்தாம்மா, விடுங்க" என்றார் மேலாளர் பெருந்தன்மையாக. "வேற ஏதாவது அமைதியான வண்டி பார்க்கலாமா? உங்களுக்குத் தோதா?"

"அதான் நானும் சொல்றேன்" என்றார் மாஸ்டர்.

"இதே வண்டி" என்றாள் அவள். "காட்சிக்கு வச்ச இதையேதான். பூசவும் வேண்டாம், மாத்தவும் வேண்டாம். காயத்தோடயே குடுங்க."

மாஸ்டர் சிரித்தார். அன்று மாலை வந்த விருந்தாளிகளுக்குப் பழைய நகைச்சுவையின் கடைசியில் ஒரு சைக்கிளும் ஒரு கல்லும் சேர்ந்துகொண்டன. அவள் காபி கொண்டுவந்து வைத்தாள்.

அடுத்த வாரம் வண்டி வந்தது. காலை வேலைக்கு அவள் கிளம்பும்போது மாஸ்டர் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். அன்றைக்கு அவருடைய முதல் மாணவன் விடுப்பு. "முதல் நாளு. நானும் வரேன். உன்னை விட்டுட்டு வண்டியைத் திருப்பிக் கொண்டுவரேன்."

அவள் முன் இருக்கையில் தன் பையை வைத்தாள். ஓட்டும் இருக்கையை மடித்துப் பிடித்துக்கொண்டாள். "ஏறுங்க."

"பின்னாடியா? முன்னாடிதான் காலியா இருக்கே?"

"பை இருக்கு."

"பையைப் பின்னாடி போடு."

"பை பிரேக் பிடிக்காது."

அவர் அவளைப் பார்த்தார். நேரம் ஆகிக்கொண்டிருந்தது. பள்ளி வண்டியில் தாராளமாக நீட்டிய நீளக் கால்களை மடக்கி, தலையைக் குனிந்து, முனகிக்கொண்டே உள்ளே நுழைந்தார்.

தெரு முனையில் முதல் மிதி விழுந்தது. இருக்கையின் மெல்லிய முதுகு வழியாக அவள் இடுப்புக்கு மேலே, நடு எலும்பில். அடுத்தது சிக்னலில். பாலம் இறங்கும் வளைவில் இரண்டு கால்களும் சேர்ந்து. அவள் வேகத்தைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. மருத்துவமனை வாசலில் வளைத்து, கோட்டுக்குள் ஒரே மூச்சில் நிறுத்தினாள்.

இறங்கி இருக்கையை மடித்தாள். அவர் வெளியே வந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். "நிறுத்தினது பரவாயில்லை" என்றார். "ஆனா…"

அவள் கதவைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டாள்.

"சாவியைக் குடு. நான் எப்படிப் போறது?"

"பஸ் வரும். கொஞ்ச நேரம் ஆகும். வெளியில பெஞ்ச் இருக்கு."

வேலை தொடங்கச் சரியான நேரம். உடைமாற்றும் அறையில் இரும்பு பெஞ்சைத் தாண்டிப் போனாள், உட்காரவில்லை. தட்டில் கவ்விகளை அடுக்கும்போது குனிந்தவள் நிமிர முடியாமல் ஒரு நொடி நின்றாள்.

"என்னக்கா, புது வண்டியாமே? எப்படி இருக்கு?" என்றாள் பக்கத்திலிருந்த நர்ஸ்.

"நல்ல வண்டி. இழுப்பு இருக்கு. திருப்பத்துல ரோட்டைக் கவ்விக்குது." அவள் கையைப் பின்னால் கொண்டுபோய் நடு எலும்பை அழுத்திக்கொண்டாள். "பின்சீட்டுதான். உட்கார்ந்தவங்க கால் முதுகுல இடிக்குது."

"பின்னாடி யாரையும் ஏத்தாதீங்க."

"ஏத்தாமத்தான் இருக்கணும்" என்றாள். எண்ணிக்கையை விட்ட இடம் மறந்துபோயிருந்தது. முதலிலிருந்து எண்ணத் தொடங்கினாள்.