ராஜாவைத் தொட்ட கை

எனக்கு ஒரு இடத்தில் அமைதியாக உட்காரத் தெரியாது. கம்பத்தில் ஏலக்காய் வாங்கி விற்கும் கடை வைத்திருக்கிறேன். அங்கேயும் நின்றபடிதான் வியாபாரம். இப்படிப்பட்ட மனுசனுக்குச் செஸ் எதற்கு என்று வீட்டில் கேட்பார்கள். நியாயமான கேள்விதான்.

பழனிசெட்டிபட்டியில் ஒரு கல்யாண மண்டபத்தில் மாவட்டப் போட்டி. கடைசிச் சுற்றில் ஜெயித்தால் மாநிலப் போட்டிக்குப் போகலாம். வருடா வருடம் இந்தச் சுற்றில்தான் கோட்டை விடுவேன். இந்த முறை எதிரே வந்து உட்கார்ந்தவர், ஞாயிறுதோறும் என் கடைக்கு வந்து என்னோடு ஆடுகிற உத்தமபாளையத்துத் திராட்சைத் தோட்டக்கார பாய். கறுப்புக் காயில் அவர் சிசிலியன் என்கிற தொடக்க ஆட்டத்தைத் தவிர வேறு ஆடி நான் பார்த்ததில்லை. அதற்குத்தான் ராப்பகலாக மருந்து தேடி வைத்திருந்தேன்.

ராஜாவின் முன் நிற்கும் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினேன். அவரும் தன் ராஜாவின் சிப்பாயையே இரண்டு கட்டம் தள்ளினார். சிசிலியன் இல்லை. எனக்குச் சுருக்கென்றது. மேசைக்கடியில் கால் ஆடத் தொடங்கியது.

ஏலக்காய்க்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. விலையை யோசிக்கும்போது ஒரு ஏலக்காயை இரண்டு விரலுக்கு நடுவே உருட்டிக்கொண்டே இருப்போம். உருட்டாவிட்டால் மூளை ஓடாது. நானும் யோசித்தேன். நிமிர்ந்தால், பாய் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். விரல்களுக்கு நடுவே என் ராஜா.

"தொட்டுட்டீகளேண்ணே" என்றார், ரொம்ப மெதுவாக.

தொட்ட காயை ஆடியே தீர வேண்டும். ராஜா போக ஒரே கட்டம்தான் இருந்தது, சிப்பாய் காலி செய்த கட்டம். பக்கத்து மேசைக்காரர் சிரிப்பை அடக்குவதைப் பார்த்ததும் எனக்கு வீம்பு வந்துவிட்டது. ராஜாவை அங்கே நட்டு வைத்தேன். சட்டை போடாமல் தெருவுக்கு வந்தவன் மாதிரி நின்றது.

பாதி ஆட்டத்தில், ஜெயிக்கிற நிலையில் இருந்த பாய் டிரா கேட்டார். டிரா ஆனால் இருவருமே மாநிலத்துக்குப் போக முடியாது. அது தெரிந்தேதான் கேட்டார். எனக்கு அழுகை வந்தது, அதைவிடக் கோபம் வந்தது.

"ஆடுங்க பாய்."

ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்கவில்லை. அவசரப்பட்டுப் பாய்ந்தேன், தோற்றேன்.

திரும்பும் பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து இருக்கை. சின்னமனூர் தாண்டியதும் பாய் ஒரு பை திராட்சையை நடுவில் வைத்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, இரண்டாவது நகர்த்தலில் குதிரையை எடுத்திருந்தால் என்று யோசித்துக்கொண்டே வந்தேன். குனிந்து பார்த்தால் விரலிடுக்கில் ஒரு திராட்சை உருண்டுகொண்டிருந்தது.

"தொட்டாச்சுல்லண்ணே, தின்னுதான் ஆகணும்" என்றார் பாய்.

தின்றேன். நல்ல இனிப்பு. அதுவும் எரிச்சலாகத்தான் இருந்தது.