தரையில் குத்தாமல் திரும்பிய பந்து

கோபத்தில்தான் டைப் அடிக்கிறேன். எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன சனிக்கிழமை நாகர்கோவிலில் பல்கலைக்கழகப் பெண்கள் பேஸ்பால் அணிக்குத் தேர்வு. நான் கேட்சர். பேட்டருக்குப் பின்னால் குத்தவைத்துப் பந்தைப் பிடிப்பது என் வேலை. பந்தை எறிகிற பிட்சர், என் தோழி ஷைனி, முட்டத்துக்காரி. அவளுக்கு இது கடைசி வருஷம். இதை விட்டால் இனி பல்கலைக்கழக ஜெர்சி கிடையாது.

அவளுடைய ஆயுதம் கர்வ் பால். எப்படிப் போடுவது தெரியுமா? பந்தில் குதிரை லாடம் மாதிரி ஒரு தையல் ஓடும். நடுவிரலை அதை ஒட்டி அழுத்த வேண்டும். ஆள்காட்டி விரல் சும்மா பக்கத்தில், கட்டைவிரல் அடியில். உள்ளங்கையில் பந்து படவே கூடாது. முழங்கையை மடக்கி, தோளுக்கு மேலே கொண்டுவந்து, விடும்போது கையை முன்பக்கமாகக் கீழே இழுக்க வேண்டும் — கடை ஷட்டரை இழுத்துச் சாத்துகிற மாதிரி. முழங்கையைத் திருகினீர்களோ... மூட்டு காலி! சரியாக விட்டால், முகத்துக்கு நேராக வருகிற பந்து திடீரென்று இடுப்புக்கு இறங்கும்.

தேர்வாளர் பழைய கிரிக்கெட் ஆள். முதல் பந்துக்கே கத்தினார்.

"ஏட்டி! கைய மடக்கி எறியப்பிடாது. நோ பால்!"

"சார், பேஸ்பால்ல எறியத்தான் செய்யணும்" என்றாள் ஷைனி.

"எனக்கே படிச்சுத் தாறியா? பந்து தரையில குத்தாம எப்படிட்டி திரும்பும்?"

"நீங்களே பேட்டப் பிடிச்சு நில்லுங்க சார். அப்பம் தெரியும்."

நின்றார். பந்து வந்தது. மனுஷன் தலையைக் குனிந்துகொண்டு பின்னால் தாவினார். பந்தோ அழகாக இறங்கி என் கிளவுஸில் — அடிக்காமல் விட்ட நல்ல பந்து, அதாவது ஸ்ட்ரைக்! அடுத்த பந்துக்கு வெறியோடு வீசினார். காற்றுக்குத்தான் அடி.

"ஏட்டி, சாரு கொசு அடிக்காருடி!" என்று பின்னாலிருந்து ஒருத்தி.

இனி என்ன, ஷைனி உள்ளே என்றுதானே நினைப்பீர்கள்? நானும் அப்படித்தான் நினைத்தேன்.

பேட்டைத் தூக்கிப் போட்டார். "பந்து கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு. ஆனா இப்படிப் போட்டா யாருக்கு அடிக்க முடியும்? கைய நீட்டி, மரியாதையாப் போடுத பிள்ள போதும்."

ஒரு தேர்வாளர் பேசுகிற பேச்சா இது? தெரியாத ஆட்டத்துக்கு எதற்குய்யா நடுவில் வந்து நிற்கிறீர்கள்? ஷைனி ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்துவிட்டாள்.

அவளுக்குப் பதிலாக எடுத்த பெண் கையை மடக்காமல் போடுகிறாள். சாருக்குப் பரம திருப்தி. அன்றைக்கு அவள் போட்டதை எல்லோரும் அடித்தார்கள்.

கேட்சராக என்னை எடுத்திருக்கிறார்களாம்... எதற்கு? என் கிளவுஸ் வரைக்கும் ஒரு பந்தாவது வரணுமே!