உள்ளே கூப்பிட்ட மத்தியானம்

அந்த மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் எல்லோருக்கும் அவள் பெரியக்கா. ஆள் என்னவோ ஒரு தலையணை உறைக்குள் அடங்கிவிடுவாள். இளம் வயதில் துணி தேய்க்க வந்தவள், இப்போது கூடத்துக்கே சூப்பர்வைசர். பதவி வந்தும் கை சும்மா இருக்காது. போகிற போக்கில் ஒரு துண்டையாவது நீவி வைத்துவிட்டுத்தான் நகர்வாள்.

புது மேனேஜர் வந்ததும் ஒரு ஏற்பாடு சொன்னார். மாதம் ஒருமுறை ஒவ்வொருவரையும் தனியாக உட்காரவைத்துப் பேச வேண்டும். வேலை எப்படிப் போகிறது, என்ன குறை என்று கேட்டுவிட்டு அவர்களைப் பேசவிட வேண்டும். பெரியக்காவுக்கு இப்படி உட்கார்ந்து பேசிப் பழக்கமில்லை. வீட்டில், பஸ் ஓட்டும் கணவரை எதிரே உட்காரவைத்துப் பழகிப் பார்த்தாள்.

"வேலையில திருப்தியா இருக்கீங்களா?"

"முதல்ல சோத்தப் போடு. அப்புறம் சொல்றேன்."

கல்லூரியில் படிக்கும் மகளுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.

முதலில் சித்தப்பாவோடு பேசலாம் என்று முடிவு செய்தாள். சொந்தச் சித்தப்பா இல்லை, மெஷின்களில் துணி போட்டு எடுப்பவர். அவள் சேர்ந்த புதிதில் சூடு பட்டுக் கை வெந்தபோது, ஓடிவந்து தண்ணீரில் முக்கிப் பிடித்துக்கொண்டவர். "மத்தியானம் கொஞ்சம் உள்ளே வாங்க சித்தப்பா" என்று இரைச்சலுக்கு மேல் கத்திவிட்டுப் போனாள்.

அங்கேதான் பிசகியது. அந்தக் கூடத்தில் 'உள்ளே கூப்பிட்டாங்க' என்றால் ஒரே அர்த்தம், வேலை போயிற்று. சூப்பர்வைசரின் கண்ணாடி அறைக்குள் யாரையும் நல்லதுக்குக் கூப்பிட்டதாகச் சரித்திரம் இல்லை. தேய்ப்பு மேசையில் நின்ற காலத்தில் அவளுக்கும் அது தெரிந்ததுதான். நாற்காலி கிடைத்ததும் மறந்துவிட்டது.

சித்தப்பா முகம் கழுவி, வெளியே போகும் சட்டையை மாட்டிக்கொண்டு, சாப்பாட்டு டப்பாவும் கையுமாக வந்தார். லாக்கர் சாவியை மேசையில் வைத்தார்.

"சொல்லிடும்மா. வேற யாரோ சொல்றதுக்கு நீ சொன்னா தேவலை."

அவள் பதறிப்போய் விளக்கினாள். அவர் தலையாட்டினார், ஆனால் நம்பவில்லை. எதைக் கேட்டாலும் நல்லாத்தான் போகுது என்றார். கத்திப் பேசியே பழகிய இருவருக்கும் கதவு சாத்திய அந்த அறையின் அமைதியில் நாக்கு ஒட்டிக்கொண்டது.

அவள் எழுந்தாள். வந்து ஒரு கை பிடியுங்கள் என்று மடிப்பு மேசைக்கு அழைத்துப் போனாள். படுக்கை விரிப்பு ஒற்றை ஆளுக்கு மடியாது. எதிரெதிரே நின்று உதற வேண்டும், நடந்து வந்து முனையோடு முனை சேர்க்க வேண்டும், மறுபடி தள்ளிப் போக வேண்டும். கிட்டே வரும்போது ஒரு பேச்சு, தள்ளிப் போகும்போது யோசிக்க நேரம். சித்தப்பா மெல்லப் பேச ஆரம்பித்தார். பேத்திக்குப் பல் முளைத்ததைச் சொன்னார். புதுச் சோப்புத்தூள் மட்டம் என்று திட்டினார். அவள் குறுக்கிடவில்லை.

மடிக்க மடிக்க ஒன்று கண்ணில் பட்டது. அவருடைய வலது முனை மட்டும் ஒவ்வொரு தடவையும் தொங்கியது.

அடுத்த முறை கிட்டே வந்தபோது மெதுவாகக் கேட்டாள்.

"தோளை எப்பலேர்ந்து தூக்க முடியல?"

அவர் தள்ளிப் போகவில்லை. மழைக்காலத்திலிருந்து என்றார். உயரத்தில் கதவுள்ள மெஷினுக்கு ஈரத்துணியைப் பக்கத்து ஆட்கள்தான் தூக்கிப் போடுகிறார்களாம். வெளியே தெரிந்தால் அனுப்பிவிடுவார்கள் என்று வாயைத் திறக்கவில்லையாம்.

பெரியக்காவுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது. தினமும் அந்தப் பக்கம்தான் போய் வருகிறாள், "என்ன சித்தப்பா" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல். ஆறுதல் சொல்ல வாயெடுத்தவள் அடக்கிக்கொண்டாள்.

"நான் என்ன பண்ணினா உங்களுக்குச் சுலபமா இருக்கும்?"

அவர் விரிப்பின் ஓரத்தை விரலால் தடவிக்கொண்டே யோசித்தார். "ஜன்னலோர மெஷின் கதவு இடுப்பு உயரந்தான். அதுல நின்னா யார் தயவும் வேணாம்."

"நாளையிலேர்ந்து அது உங்களோடது. அங்க நிக்கிறவன் பனைமரம் மாதிரி இருக்கான், உயரத்தை அவன் பார்க்கட்டும். மேனேஜர்கிட்ட நான் பேசிக்கிறேன். நீங்க டாக்டர்கிட்ட காட்டுங்க. மாடி பூரா அவங்கதானே."

"அவங்க கோட்டெல்லாம் எனக்குத் தெரியும். மூஞ்சிதான் தெரியாது" என்று சித்தப்பா சிரித்தார்.

தேய்ப்பு மேசையிலிருந்து ஒருத்தி, தன்னை எப்போது உள்ளே கூப்பிடப் போகிறாள் என்று வம்புக்கு இழுத்தாள். உள்ளே எல்லாம் இல்லை, மடிக்க வந்தால் போதும் என்றாள் பெரியக்கா. பிறகு அடுத்த விரிப்பை எடுத்து உதறி, தன் பக்கத்து முனைகளை அவர் கை எட்டும் அளவுக்கு இறக்கிப் பிடித்தாள்.