ஹாரன் மட்டும் கையால்

உலு திராமில் எங்கள் வீட்டு மேல்மாடிப் பின்னறை முழுக்க ரயில்தான். கட்டில் போடவேண்டிய இடத்தில் ஒரு பெரிய மேசை, அதன்மேல் குட்டித் தண்டவாளம், செம்பனைத் தோட்டம், ஒரு ஸ்டேஷன். என் வீட்டுக்காரர் பிறந்தது மெர்சிங்கில். அந்த ஊருக்கு நிஜத்தில் ரயிலே கிடையாது. இவருடைய ரயில் மட்டும் அங்கே போய் நிற்கும். ஸ்டேஷன் பலகையில் மெர்சிங் என்று எழுதி வைத்திருக்கிறார். கேட்டால், யாரும் போடாத பாதையை நான் போட்டேன் என்பார்.

எல்லை தாண்டிச் சிங்கப்பூர்த் தொழிற்சாலைக்குத் தினமும் மோட்டார் சைக்கிளில் போய் வந்துகொண்டிருந்த மனிதர், மாரடைப்புக்குப் பிறகு வேலையை விட்டார். டாக்டர் இவர் நெஞ்சுக்குள் ஸ்டென்ட் வைத்தார். இவர் வீட்டுக்கு வந்து எஞ்சின்களின் வயிற்றுக்குள் ஸ்பீக்கர் வைத்தார். எஞ்சினைப் பிரித்து, உள்ளே இருந்த எடைக்கட்டியை அரத்தால் ராவி இடம் பண்ணி, நகம் அளவு ஸ்பீக்கரையும் ஒலிக்கான சின்ன சர்க்யூட்டையும் பற்றவைத்தார். எடை குறைந்ததால் மேட்டில் சக்கரம் வழுக்கியது. அதற்கு ஈயத்துண்டுகளை ஒட்டினார். கடைசியில் அது நிஜ டீசல் எஞ்சின் மாதிரியே உறுமியது. நின்றால் புஸ்ஸென்று காற்று விட்டது. பட்டனைத் தட்டினால் ஹாரன் அடித்தது. இது வீடா, குளுவாங் ஸ்டேஷனா என்று சண்டை போட்டேன்.

அந்தச் சண்டை ரொம்ப நாள் நீடிக்கவில்லை. நான் கீழே சமையலறைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ரவிக்கை தைக்கிறவள். அவர் மேலே தனியாக இருக்கிறார். மெஷின் இரைச்சலுக்கு நடுவிலும் அந்த உறுமல் காதுக்கு வந்துவிடும். வந்தால் மனிதர் நன்றாக இருக்கிறார் என்று அர்த்தம். நின்றுவிட்டால் என்ன ஆனதோ என்று இருக்கும். ஏதாவது கம்பியைப் பற்றவைக்க நிறுத்தியிருப்பார் என்று தெரியும். தெரிந்து என்ன செய்ய? மெஷினை நிறுத்திவிட்டுப் படிக்கட்டடியில் போய் நின்று "என்னங்க?" என்பேன். ஒருநாள் அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"உயிரோட இருக்கேனான்னு செக் பண்றியா?"

ஆமாம் என்று சொல்ல முடியுமா? அதற்கப்புறம் கூப்பிடுவதை விட்டேன். போய் நிற்பதை விட முடியவில்லை. தீபாவளிக்கு வந்த துணிகள் குவிந்து கிடந்தன. ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று தைத்ததில் ஒரு ரவிக்கைக்கு இடது கையை வலது பக்கம் வைத்துவிட்டேன்.

பிறகு ஒரு மத்தியானம் ரயில் விடாமல் ஓடியது. மெர்சிங்கில் நின்றது, ஹாரன் அடித்தது, கிளம்பியது. எனக்கும் வேலை ஓடியது. அப்போது மழை பிடித்தது. பின்பக்கத் தகரக் கூரையில் விழுந்த மழை எல்லாச் சத்தத்தையும் விழுங்கிவிட்டது. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஜன்னல் சாத்தும் சாக்கில் மேலே போனேன். கதவு திறந்திருந்தது. ரயில் ஓடிக்கொண்டிருந்தது. நாற்காலி காலி.

மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தேன். குளியலறைக் கதவைத் தள்ளிப் பார்த்தேன். இல்லை. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ரயில் தானாக மெர்சிங்கில் நின்று, தானாக ஹாரன் அடித்து, தானாகக் கிளம்பியது. அதற்கென்று ஏதோ ஒரு கருவியைப் பொருத்தியிருக்கிறார். இவ்வளவு நேரமும் ஆளில்லாத சத்தத்தை நம்பியா தைத்துக்கொண்டிருந்தேன்? மெஷின் இரைச்சலில் அவர் படியிறங்கிப் போனது எனக்குக் கேட்கவே இல்லை.

ஓடி இறங்கி வாசலுக்கு வந்தால், முனையிலிருக்கும் மாமாக் தேநீர்க்கடையிலிருந்து மனிதர் நனைந்துகொண்டே நடந்து வருகிறார். போன உயிர் திரும்பி வந்தது. கூடவே ஆத்திரமும் வந்தது. யாரை ஏமாற்ற இந்த ஏற்பாடு என்று கத்தினேன். தே ஓ கோசோங்தான் குடித்தேன், சீனி போடவில்லை என்றார், என்னவோ நான் அதைக் கேட்டதுபோல. துண்டை எடுத்துக் கொடுத்தேன். தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னார்.

"ரயில் நின்னா உன் மெஷினும் நின்னுடுது லா. மேல எனக்குக் கேக்குது. நீ படிக்கிட்ட வந்து நிக்கிறதும் தெரியும். அதான் நிக்காம ஓடட்டும்னு வெச்சேன். நீ தைக்கணும்ல."

நான் மட்டும்தான் காதைத் தீட்டிக்கொண்டு கிடப்பதாக நினைத்திருந்தேன். அழுதுவிட்டேன். ரயில் எப்படி வேண்டுமானாலும் ஓடட்டும், ஹாரனை மட்டும் அந்தக் கருவியிலிருந்து எடுத்துவிடுங்கள் என்றேன்.

"அத உங்க கையாலதான் அடிக்கணும்."

ஒத்துக்கொண்டார். இப்போது தினமும் அடிக்கிறார். ஒருமுறை நீட்டி, ஒருமுறை சுருக்கி, ஒன்றுபோல் இன்னொன்று இருக்காது. அதனால்தான் நம்புகிறேன். வேலை மும்முரத்தில் சிலசமயம் மறந்துபோவார். அப்போது நான் மெஷினை நிறுத்துவேன். அது நின்றது மேலே கேட்டு ஹாரன் வரும். உடனே வராது. வரும்வரை, ஊசிக்கு அடியில் இருக்கும் துணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.